வீட்டுக்கு ஒரு ஐடி

“வெண்புள்ளியா? வெட்கம் வேண்டாம்! ஒரே மாதத்தில் பழைய நிறம்!”

கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டிருந்த டிவி திடீரென்று போட்ட கூச்சலில், ரெங்கம்மாள் கையிலிருந்த கேசரி ஸ்பூன் நழுவிப் பட்டுச்சேலை மடியில் விழுந்தது. ஒரு நொடி முன்புவரை முருகன் பாட்டு ஓடிக்கொண்டிருந்த திரையில் இப்போது ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். முதுகெல்லாம் பாலைக் கொட்டினாற்போல் வெள்ளைத் திட்டுகள். காமிரா ஒவ்வொரு திட்டின் அருகிலும் போய் நின்று நின்று நகர்ந்தது. புண்ணில் ஈ மொய்ப்பதைப் போல இருந்தது அது.

“ஐயே! நல்ல காரியம் பேசுத நேரத்துல என்ன கண்றாவி இது!” என்று முகத்தைச் சுளித்தாள் ரெங்கம்மாள். அவள் மாப்பிள்ளையின் அம்மா. சுரண்டையிலிருந்து ஒரு கார் நிறைய ஆட்களோடு குத்துக்கல்வலசைக்குப் பெண் பார்க்க வந்திருந்தாள்.

பெண்ணின் அப்பா முத்துராமலிங்கம் ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். எத்தனையோ கலவரத்தைக் கலைத்தவருக்கு இப்போது ரிமோட் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

“ஏலே குத்தாலம், ரிமோட்ட எங்கலே வச்ச?” என்று மகனைப் பார்த்துக் கத்தினார்.

மகன் குற்றாலீஸ்வரனும் போலீஸ்தான். புளியறை செக்போஸ்ட்டில் வேலை. அவன் ரிமோட்டைத் தேடிக்கொண்டு நிற்கவில்லை. நேராகப் போய் பிளக்கையே பிடுங்கினான். சத்தம் நின்றது. அந்த முதுகு மட்டும் எல்லோர் கண்ணிலும் மிச்சம் இருந்தது.

“விடுங்க மாமா. எல்லா வீட்டுலயும் வாரதுதானே” என்று சிரித்துச் சமாளித்தது மாப்பிள்ளை சுடலைமணிதான். டிராக்டர் ஷோரூமில் மேனேஜர். ஆளும் சரி, பேச்சும் சரி, பதமாக இருந்தான்.

அடுக்களை வாசலில் காபித் தட்டோடு நின்ற கல்யாணப் பெண் மஞ்சுவுக்கு அந்தச் சிரிப்பு காதில் விழுந்தும் விழாமலும் இருந்தது. இடது தோள்பட்டைக்குக் கீழே, ரவிக்கைக்குள், யாரோ ஈர விரலை வைத்து அழுத்தினாற்போல் இருந்தது. சரியாக அந்த இடத்தில்.

அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. பத்து ரூபாய் நாணயத்தின் அகலம்தான். பங்குனியில் ஜவுளிக்கடைக்குப் போயிருந்தபோது, துணி போட்டுப் பார்க்கும் அறையில் முன்னும் பின்னும் கண்ணாடி வைத்திருந்ததால் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் ஒப்பாரி. அப்பாவிடம் சொன்னால் விசாரணை. தென்காசியிலேயே தோல் டாக்டர் இருக்கிறார். ஆனால் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து டோக்கன் நம்பர் வருவதற்குள், ‘எஸ்.ஐ. மகள் இங்கன எதுக்கு வந்திருக்கா?’ என்று ஊருக்கே சேதி போய்விடும்.

அதனால் போனிடம் கேட்டாள். குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, ஏதோ போன் டைப் அடிக்கும் சத்தம் வெளியே கேட்டுவிடும்போல அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு கேட்டாள். இடது தோள்பட்டையில் வெண்புள்ளி, பரவுமா? பிள்ளைகளுக்கு வருமா? கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் எப்படிச் சொல்வது? கல்யாணத்தைப் பற்றி, அம்மாவிடமோ சிநேகிதியிடமோ வாய் திறக்க முடியாத வேறு சில கேள்விகளையும் கேட்டாள். கேட்டுவிட்டு, முகம் சூடாகி, போனைக் கவிழ்த்து வைத்தாள். சுடலைமணியின் பெயரைக்கூட ஒருமுறை போட்டுப் பார்த்தாள்.

இந்த வீட்டில் வாய் இல்லாத ஜந்து அது ஒன்றுதான் என்று நம்பியிருந்தாள். அது இன்றைக்குக் கூடத்தில் நின்று, சம்பந்தி வீட்டாரை உட்கார வைத்து, ஊருக்கே கேட்கிற சத்தத்தில் சொல்லியிருக்கிறது.

தட்டிலிருந்த காபி ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

நல்லவேளையாகவோ என்னவோ, வந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனி முடிவதற்குள் தட்டு மாற்றிக்கொள்ளலாம், ஆடி பிறந்துவிட்டால் பிறகு இழுத்துக்கொண்டே போகும் என்று பேசி, வெற்றிலை போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். கார் தெருமுனை திரும்பியதும்தான் விசாரணை தொடங்கியது.

“அதெப்படிலே முருகன் பாட்டுக்கு நடுவுல அந்தக் கருமம் வந்துச்சு?” என்றார் முத்துராமலிங்கம்.

“அது சும்மா வராதுப்பா” என்றான் குற்றாலீஸ்வரன், சட்டையைக் கழற்றிக்கொண்டே. “டிபார்ட்மெண்ட்ல கிளாஸ் எடுத்தாக. நாம என்னத்தத் தேடுதோமோ அத வச்சுத்தான் அது விளம்பரம் போடும். ஒருத்தன் மாட்டுத்தீவனம் தேடுனா, அவன் எங்கன போனாலும் மாடு பின்னாலயே வரும். இந்த வீட்டுல யாரோ அதத் தேடியிருக்காவ.”

“யாரு?”

“அதான் தெரியாது. நம்ம எல்லாருக்கும் ஒரே ஐடிதானே!”

இந்த ஒரே ஐடி சமாசாரம் இரண்டு தீபாவளிக்கு முன்பு தொடங்கியது. வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஆஃபரில் போன் வாங்கியபோது, தென்காசி மொபைல் கடைக்காரர் ஆளுக்கொரு ஐடி உண்டாக்கச் சோம்பல்பட்டார். “தனித்தனியா போட்டா பாஸ்வேர்ட மறந்துட்டு என் உயிரத்தான் எடுப்பீய. வீட்டுக்கு ஒரு ஐடி போதும் சார், ரேஷன் கார்டு மாதிரி” என்று சொல்லிவிட்டார். அந்த ரேஷன் கார்டு உதாரணம் முத்துராமலிங்கத்துக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அவருடைய புல்லட் வண்டியின் நம்பர்தான் பாஸ்வேர்ட். டிவி வாங்கியபோது அதற்கும் அதே ஐடி. அம்மா எடுத்த கோலப் படம் அண்ணன் போனில் வரும். அண்ணன் செக்போஸ்ட்டில் எடுத்த லாரிப் படம் அம்மா போனில் வரும். “இதாம்ட்டி கூட்டுக்குடும்பம்” என்று அப்பா பெருமைப்பட்டுக்கொள்வார்.

அந்தப் பெருமை குற்றாலீஸ்வரனுக்கும் உண்டு. வரன் பேச்சு தொடங்கிய புதிதில் மாப்பிள்ளை சுடலைமணி மஞ்சுவின் போட்டோ ரெண்டு மூன்று கேட்டிருந்தான். செக்போஸ்ட்டில் லாரி வரிசையாக நிற்கையில் போட்டோ பொறுக்கி அனுப்ப எவனுக்கு நேரம்? “ஐடியும் பாஸ்வேர்டும் தாரேன், உள்ள போயி வேணுங்கிறத எடுத்துக்கிடுங்க மாப்ள. நமக்குள்ள என்ன இருக்கு!” என்று கொடுத்துவிட்டான். சாப்பிடும்போது அதைப் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டான். மஞ்சுவுக்கு அன்று ஒரே கவலைதான்: தலையில் எண்ணெய் வழிய நிற்கிற அந்தப் பொங்கல் போட்டோவை எடுத்துத் தொலைத்திருப்பாரோ என்று.

போட்டோ எல்லோருக்கும் பொது என்று அவளுக்குத் தெரியும். தேடுவதும் பொது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

“யாரு தேடுனா? இப்பவே சொல்லிருங்க” என்றார் முத்துராமலிங்கம், ஸ்டேஷன் குரலில்.

அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேரும், பேசி வைத்தாற்போல், ஒரே பக்கம் திரும்பினார்கள். பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்த மதினி சங்கரேஸ்வரியைப் பார்த்தார்கள். வெளியிலிருந்து இந்த வீட்டுக்குள் வந்தவள் அவள் ஒருத்திதான்.

“என்ன எல்லாரும் என்னையே பாக்கீய?” என்றாள் சங்கரேஸ்வரி.

“ஏட்டி, உள்ள வா” என்றாள் அம்மா முப்பிடாதி.

“எதுக்கு அத்தை?”

“வான்னா வா.”

அறைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே டியூப்லைட் போடும் சத்தம். வளையல் சத்தம். “திரும்பு… கைய தூக்கு… இதென்ன?” “கொசுக்கடி அத்தை.” கூடத்தில் குற்றாலீஸ்வரன் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டின பெண்டாட்டியை உள்ளே புரட்டிப் பார்க்கிறார்கள்; அவன் ஃபேனைப் பார்க்கிறான். மஞ்சு வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

“ஒண்ணுமில்ல. சுத்தமாத்தான் இருக்கு” என்று அம்மா வெளியே வந்தாள். கழுவின குத்துப்போணிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்ததுபோல அதைச் சொன்னாள்.

“நான்தான் தேடுனேன்” என்றாள் மஞ்சு. காலதாமதமாக, கோணலாக வந்தது குரல். “ஸ்கூல்ல எங்கிட்டப் படிக்கிற ஒரு புள்ளைக்கு இருக்கு. பாவமேன்னு தேடிப் பாத்தேன்.”

“அட மூதி! இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று சிரித்தார் அப்பா. அண்ணனும் சிரித்தான். ஒரு நிமிஷத்தில் வீடு பழையபடி ஆகிவிட்டது. மீதிக் கேசரியை யார் சாப்பிடுவது என்று பேச்சு திரும்பியது.

சங்கரேஸ்வரி ரவிக்கையின் கடைசிக் கொக்கியை மாட்டிக்கொண்டே மஞ்சுவைப் பார்த்தாள். இல்லாத ஒரு பிள்ளையின் தலையில் தன் தோலைச் சுற்றிப் போட்டுவிட்டு நிற்கிற அசிங்கத்தில் மஞ்சு கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. மேற்கே மலையே தெரியவில்லை. மேகம் இறங்கி மூடியிருந்தது. கொடியில் கையை வைத்துக்கொண்டு சங்கரேஸ்வரி கேட்டாள்:

“எங்கன இருக்கு?”

மஞ்சு திரும்பி நின்று, சுடிதாரின் கழுத்தை இறக்கிக் காட்டினாள்.

“இம்புட்டுத்தானா?” என்றாள் சங்கரேஸ்வரி. “இதுக்கா என்னைய நேத்து உரிச்சாக?”

“மதினி, மன்னிச்சிருங்க. நேத்தே நான்…”

“விடு. உனக்காச்சும் தேடுறதுக்கு விஷயம் இருந்துச்சு. உங்கண்ணன் ரம்மி விளம்பரமா வந்து நிக்காரு, அதக் கேக்க நாதியில்ல.” சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “மாப்பிள்ளைகிட்ட என்ன சொல்லப்போற?”

“சொல்லத்தான் போறேன். ஆனா நானே சொல்லணும் மதினி. டிவி சொல்லி, ஊரு சொல்லி அவருக்குத் தெரியக்கூடாது. என் வாயால நான் சொல்லணும். கேட்டுட்டு கட்டுனா கட்டட்டும். கட்டாட்டா போகட்டும். அது என் முதுகு. அத நான்தான் சொல்லணும்.”

சங்கரேஸ்வரி பதில் சொல்வதற்குள் கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“ஏட்டி மஞ்சூ! சம்பந்தியம்மா போன் போட்டாக! புதன்கிழமை ஐந்தருவிக்குக் குளிக்கக் கூப்பிடுதாக, பொம்பளையாளு எல்லாரையும்! அங்கன அவுக சொந்தக்காரரு காட்டேஜ் இருக்காம். பாத்தியா, எம்புட்டுப் பாசம்!”

சங்கரேஸ்வரியின் முகம் மாறியது. கையிலிருந்த துணியை மறுபடி கொடியிலேயே போட்டாள்.

“எண்ணெய் வைக்கப் போறாக” என்றாள்.

“என்ன எண்ணெய்?”

“நிச்சயத்துக்கு முன்னால குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போயி மாமியாக்காரி தன் கையால பொண்ணுக்கு எண்ணெய் தேய்ச்சு விடுவா. இந்தப் பக்கம் வசதியான வீட்டுல எல்லாம் உள்ளதுதான். பாசம்னு நெனச்சுத்தான் நானும் போனேன். உங்கம்மா என் முதுகுல அரைமணி நேரம் தேய்ச்சாக. எனக்கு அப்போ தெரியல. தேமல் இருக்கா, தழும்பு இருக்கா, ஆபரேஷன் தையல் இருக்கான்னு கையாலயே படிச்சிருக்காக.”

மஞ்சுவின் உடம்பு கூசியது. அம்மாவின் கை. அவளுக்குத் தலைவாரி விடுகிற அதே கை.

“விளம்பரத்தப் பாத்துட்டுத்தான் கூப்பிடுதாகளோ?” என்றாள் மெதுவாக.

“பாத்தாலும் கூப்பிடுவாக, பாக்காட்டாலும் கூப்பிடுவாக. அதுக்கு முன்னால நீ அவரப் பாத்துச் சொல்லிரு. புதன்கிழமை அவருதான் கார் ஓட்டிட்டு வருவாரு.”

அன்று பள்ளிக்கூடத்தில் ஓய்வு வேளையில், ஆசிரியர் அறையின் மூலையில், பீரோவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு மஞ்சு போனை எடுத்தாள். கணக்கு டீச்சர் அவள். ஒரு வேலையில் இறங்கினால் அடிவரை போய்விட்டுத்தான் வருவாள். செட்டிங்ஸுக்குள் நுழைந்து, ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்து திறந்து, கடைசியில் அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தாள். தேடுபொறி அவளைப் பற்றி என்ன நினைக்கிறது என்று அதில் வரிசையாக இருந்தது.

திருமணம் நடக்கவிருப்பவர். சொந்த வீடு உள்ளவர். தோல் நோய்ச் சிகிச்சையில் ஆர்வம். மூல வியாதி. கனரக லாரிகள். கோலம். பணம் வைத்து ஆடும் சீட்டு. இரவில் தூக்கம் வராதவர். குழந்தையின்மைச் சிகிச்சை.

முதலில் சிரிப்புதான் வந்தது. அப்பாவின் மூலமும், அண்ணனின் சீட்டும், அம்மாவின் கோலமும், தன் தோலும் ஒட்டித் தைத்து ஒரு ஆளை உண்டாக்கி வைத்திருக்கிறதே! லாரி ஓட்டிக்கொண்டு, கோலம் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு நிற்கிற மூலக்காரப் பெண். கடைசி வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தையின்மை. அது மதினி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் யாரிடமும் ஒரு வார்த்தை விட்டதில்லை. அவளும் எந்தக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, எந்தக் குழாயைத் திறந்துவிட்டுக் கேட்டாளோ.

கீழே போனால் யார் என்ன கேட்டார்கள் என்பது முழுக்க இருந்தது. நாள் வாரியாக, மணி வாரியாக. மஞ்சுவின் விரல் கீழே இழுத்தது. மதினி எழுதிய ஒரு கேள்வி கண்ணில் பட்டது. முழுதாக வாசித்துவிட்டாள். வாசித்த பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது. யாரோ கழற்றிப் போட்ட துணியை முகர்ந்து பார்த்தாற்போல் இருந்தது. விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அது அனிச்சையாக நடந்தது.

அப்புறம் வேகமாக வேலை நடந்தது. தான் கேட்டவற்றை மட்டும் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாக அழித்தாள். தன் போனிலிருந்து அந்த வீட்டு ஐடியை எடுத்தாள். தனக்கென்று புதிதாக ஒன்று உண்டாக்கினாள். பிறந்த தேதி கேட்டது. பொய்யாக ஒன்றைக் கொடுத்தாள். நீ தேடுவதை நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா என்றது, வேண்டாம். உனக்கேற்ற விளம்பரம் காட்டட்டுமா, வேண்டாம். நீ இருக்கும் இடம், உன் மைக், உன் தொடர்புகள். வேண்டாம், வேண்டாம், வேண்டாம். இத்தனை ‘வேண்டாம்’களையும் எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு சின்ன எழுத்தில் புதைத்து வைத்திருக்கிறான் பாவி என்று திட்டிக்கொண்டே அழுத்தினாள். கேட்டதை மனதில் வைத்துக்கொள்ளாத வேறொரு தேடுபொறியையும் போட்டுக்கொண்டாள்.

வெளியேறுவதற்கு முன் ஒன்றைக் கவனித்தாள். வீட்டு ஐடி எந்தெந்தக் கருவியில் இருக்கிறது என்ற பட்டியலில், வீட்டுப் போன்களும் டிவியும் போக, பெயர் தெரியாத ஒரு போனும் இருந்தது. அண்ணன் செக்போஸ்ட்டில் வைத்திருக்கிற இன்னொரு போனாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

மணி அடித்தது. வகுப்புக்கு நடக்கும்போது, ரொம்ப நாள் கழித்துக் குளித்தாற்போல் இருந்தது.

புதன்கிழமை குற்றாலத்தில் சீசன் கூட்டம். ஐந்தருவி ரோடு முழுக்க வேன்களும், ஈர லுங்கிகளும், மிளகாய் பஜ்ஜிப் புகையும். சுடலைமணி கூட்டத்துக்குள் பொறுமையாகக் காரை ஓட்டி, காட்டேஜ் வாசலில் நிறுத்தினான். அவனுக்கு ஜலதோஷம், குளிக்கவில்லை. அதனால் எல்லோருடைய போனும் ஒரு மஞ்சப்பையில் போட்டு அவனிடம் ஒப்படைக்கப்பட்டது. குற்றாலத்துக்கு வந்தால் குளிக்காத ஒருத்தன் பொருட்காவலுக்கு உட்காருவது வழக்கம்தானே.

“கொண்டாங்க, கொண்டாங்க. உசுரக் கொடுத்துக் காப்பாத்துதேன்” என்று சிரித்துக்கொண்டே பையை மடியில் வைத்துக்கொண்டான்.

அவனிடம் தனியாகப் பேச ஒரு நிமிஷம் கிடைக்குமா என்று மஞ்சு பார்த்தாள். கிடைக்கவில்லை. ரெங்கம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து அறைக்குள் கூட்டிப் போய்விட்டாள். அருவியில் எண்ணெய், சோப்பு கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார்களாம். அதனால் இங்கேயே தேய்த்துக்கொண்டு போய்விடலாமாம். அறையில் பழைய எண்ணெயும் ஈரத்துணியும் கலந்த ஒரு நாற்றம். தரை பிசுபிசுத்தது. இதற்கு முன் எத்தனை பேரை இங்கே உட்கார வைத்துத் தேய்த்தார்களோ. அம்மா முப்பிடாதி கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில், தன் சரக்கில் குறை இல்லை என்று காட்டப் போகிற கடைக்காரரின் தெம்பு இருந்தது.

“வா தாயி. மருமவளுக்கு எண்ணெய் வைக்கது எங்க குடும்பத்து வழக்கம்” என்று கிண்ணத்தோடு உட்கார்ந்தாள் ரெங்கம்மாள்.

உச்சந்தலையில் எண்ணெய் வைத்தது ஒரு பேருக்குத்தான். ரெண்டு தட்டு. காதோரம் ஒரு தடவல். பிறகு அந்தக் கை கழுத்துக்கு இறங்கியது. கை வலது பக்கம் போகவே இல்லை. நடுமுதுகில் நிற்கவும் இல்லை. வழி தெரிந்த கையாக, நேராக, நைட்டியின் கழுத்துக்குள் புகுந்து இடது தோள்பட்டைக்கு இறங்கியது. கட்டைவிரல் அங்கே போய் நின்றது. ரெங்கம்மாளின் தலையும் கூடவே எட்டிப் பார்த்தது.

டிவி இடது பக்கம் என்று சொல்லவில்லையே என்று மஞ்சுவுக்குப் பளிச்சென்று தோன்றியது.

“அங்கன என்ன தேடுதீய அத்தை? முடி தலையிலல்லா இருக்கு!” என்றாள் சங்கரேஸ்வரி, மூலையிலிருந்து.

அம்மா திடுக்கிட்டு, “ஏட்டி, வாய மூடு” என்றாள்.

மஞ்சு ரெங்கம்மாளின் கையைப் பிடித்தாள். எண்ணெயில் வழுக்கியது. இறுக்கிப் பிடித்து, தன் முதுகிலிருந்து எடுத்து, அவள் மடியிலேயே வைத்தாள்.

“போதும் அத்தை.”

“கோவப்படாத தாயி, நான் சும்மா…”

“போதும்னேன்.”

துண்டை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். “ஏட்டி, எங்க போற?” என்ற அம்மாவின் குரல் பின்னால் வந்தது. அவள் நிற்கவில்லை. ரெங்கம்மாள் பார்த்தது பார்த்ததுதான். அவள் வெளியே வந்து மகனின் காதில் ஓதுவதற்கு முன், தான் சொல்லிவிட வேண்டும். இன்னும் ஒரு நிமிஷம் இருக்கிறது. அந்த ஒரு நிமிஷம் போதும்.

சுடலைமணி காருக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். பக்கத்துக் கடைப் பையனிடம் இன்னொரு டீ சொன்னான். இந்த மனுஷனிடம் சொல்லலாம் என்று அவளுக்கு மனதில் ஒரு தைரியம் வந்தது.

“ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள். உட்காரவில்லை. “ரொம்ப நாளா நானே சொல்லணும்னு இருந்தேன். வேற யாரு சொல்லியும் ஒங்களுக்குத் தெரியக்கூடாது. என் முதுகுல…”

“எனக்குத் தெரியும் மஞ்சு” என்றான் அவன். குரல் அவ்வளவு மென்மையாக இருந்தது. “அதுல எனக்கு ஒண்ணுமே இல்ல. பிள்ளைகளுக்கெல்லாம் வராதாம், நானும் பாத்துட்டேன். அம்மாதான் ஒரு தடவ கண்ணால பாத்துக்கிடுதேன்னு ஒத்தக்கால்ல நின்னாக. பாத்தாச்சுல்ல, இனி பேசமாட்டாக.”

மஞ்சுவின் வாயில், தொடங்கி வைத்த வாக்கியம் அப்படியே நின்றது.

“யாரு சொன்னா? மதினியா?”

“சேச்சே. அவுக எதுக்குச் சொல்லணும்?”

“அன்னைக்கு டிவில வந்ததா?”

“அதுக்கு ரொம்ப முன்னாலயே தெரியும். நீ மனசுக்குள்ளயே வச்சுக் கஷ்டப்படுதியேன்னு எனக்குத்தான் தூக்கமே வராது. என்னைய என் பேரு போட்டுத் தேடுன அன்னைக்கு எம்புட்டுச் சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?” என்று வெட்கத்தோடு சிரித்தான். மற்ற கேள்விகளும், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கேட்டவை எல்லாம், அந்தச் சிரிப்பில் இருந்தன. டீ வந்தது. கிளாஸை அவளிடம் நீட்டினான். அவன் விரல் பட்ட இடத்தைத் தொடாமல் அதை எப்படி வாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவன் தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உண்மையான அக்கறையோடு கேட்டான்:

“ஆனா ரெண்டு நாளா நீ தேடுறது ஒண்ணுமே எனக்கு வரமாட்டேங்குதே மஞ்சு, ஐடிய மாத்திட்டியா?”